வைரத் திருட்டுப் படங்கள்: புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு ஒரு வரிசை

வைரமும் நகையும் திருடுகிற படங்களில் எதை முதலில் பார்ப்பது என்று தேடினால், வங்கிக் கொள்ளை, ரயில் கொள்ளை, சூதாட்ட விடுதிக் கொள்ளை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிய பட்டியல்கள்தான் கிடைக்கும். இங்கே கல்லும் நகையும் மட்டும். நோட்டுக்கட்டைத் திருடுவது வேறு, வைரத்தைத் திருடுவது வேறு, அதிலும் திருடிய பிறகு நடக்கிற கதை முழுக்கவே வேறு.

நோட்டைத் திருடினால் அப்படியே செலவழிக்கலாம். தங்கத்தை உருக்கிவிடலாம், ஆனால் கனம் அதிகம், தூக்கிக்கொண்டு ஓட முடியாது. வைரம் சட்டைப் பைக்குள் அடங்கும், சின்னக் கற்களாக இருந்தால் எந்தக் கடையிலிருந்து வந்தது என்று சொல்வதும் கஷ்டம். ஆனால் ஊரறிந்த பெரிய கல்லை எடுத்துவிட்டால் வாங்க ஆள் கிடைக்காது, வெட்டித் துண்டாக்கி மறுபடி பட்டை தீட்டினால் விற்கலாம், ஆனால் எடையும் விலையும் பாதாளத்துக்குப் போய்விடும். எடுப்பது ஒரு ராத்திரி வேலை, விற்பதுதான் ஆளைக் கொல்கிற வேலை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இந்த வகைப் படங்களில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

முதலில் ரிஃபிஃபி

1955-ல் வந்த பிரெஞ்சுப் படம், கறுப்பு வெள்ளை. புதியவர்களுக்கு இதைச் சொல்லாதே, பயந்து ஓடிவிடுவார்கள், கலர்ப் படத்தில் ஆரம்பி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படத்தின் நடுவில் ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடுகிற திருட்டில் ஒரு வார்த்தை வசனம் கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. சப்டைட்டில் படிக்கிற வேலையே இல்லாத அரை மணி நேரம், பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு இதைவிட வசதியான படம் எது?

கதை சுருக்கம். சிறையிலிருந்து வெளியே வந்த டோனி என்பவனிடம் கூட்டாளிகள் ஒரு யோசனை சொல்கிறார்கள்: பாரிஸில் மாப்பின் அண்ட் வெப் நகைக்கடையின் கண்ணாடியை உடைத்து, காட்சிக்கு வைத்திருப்பதை அள்ளிக்கொண்டு ஓடலாம். அவன் அதெல்லாம் வேண்டாம், எடுத்தால் உள்ளே இருக்கிற இரும்புப் பெட்டகத்தையே எடுப்போம் என்கிறான். அங்கிருந்து படம் வேகம் பிடிக்கிறது. கடையை நோட்டம் பார்க்கிறார்கள், அதே மாதிரி அலாரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து அது எதற்கெல்லாம் கத்துகிறது என்று சோதித்துப் பார்க்கிறார்கள்.

திருட்டுக் காட்சியில் நீங்கள் கவனிக்க வேண்டியது கைகளை. கடைக்கு மேலே இருக்கிற வீட்டுக்குள் புகுந்து, தரையில் கன்னம் வைக்கிறார்கள், அதாவது துளை போடுகிறார்கள், கீழே இருக்கிற கடைக்கு அந்தத் தரைதான் கூரை. பொத்தல் விழுந்ததும் காரைத் துண்டு கீழே விழுந்தால் அந்த அதிர்வுக்கே அலாரம் அலறும். அதனால் ஒரு குடையை மடக்கி அந்தப் பொத்தல் வழியாக இறக்கி, கீழே போனதும் விரிக்கிறார்கள். அப்புறம் உடைக்கிற காரை எல்லாம் தலைகீழாக நிற்கிற அந்தக் குடைக்குள்ளேயே விழுகிறது. இறங்கியதும் தீயணைப்புக் கருவியின் நுரையை அலாரப் பெட்டிக்குள் அடித்து அதன் வாயை அடைக்கிறார்கள். இத்தனைக்கும் ஒருவர் முகத்திலும் வீரம் கிடையாது, வியர்வைதான் இருக்கிறது. நாலு தொழிலாளிகள் ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பதைப் பார்க்கிற உணர்வுதான் வரும்.

இயக்குநர் ஜூல்ஸ் டாசின் அமெரிக்கர். கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி ஹாலிவுட்டில் வேலை தராமல் ஒதுக்கியதால் ஐரோப்பா போனவர், குறைந்த பணத்தில் எடுத்த படம் இது. பெட்டகம் திறக்கிற இத்தாலிக்காரன் சீசராக நடித்திருப்பதும் அவரேதான், டைட்டிலில் பெயர் மட்டும் வேறு. இசையமைப்பாளர் ஜார்ஜ் ஓரிக் அந்தத் திருட்டுக் காட்சிக்கு இசை எழுதியே கொடுத்தார், இசையோடு ஒரு முறையும் இல்லாமல் ஒரு முறையும் போட்டுப் பார்த்தபின் இல்லாமலே இருக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். அந்த ஆண்டு கான் விழாவில் டாசினுக்குச் சிறந்த இயக்குநர் விருதில் பங்கு கிடைத்தது.

ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள், போனை வேறு அறையில் வையுங்கள். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: ஆரம்பத்தில் டோனி தன் பழைய காதலியைப் பெல்ட்டால் அடிக்கிற காட்சி இருக்கிறது, பார்க்கச் சகிக்காது. திருட்டு முடிந்ததும் படம் முடிந்துவிட்டது என்று எழுந்து போகாதீர்கள், கூட்டத்தில் ஒருவன் ஆசைப்பட்டு எடுத்த ஒரே ஒரு மோதிரம் எல்லோரையும் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதுதான் மீதிப் படம்.

அடுத்து அதே ஆள் எடுத்த டாப்காபி

ஒன்பது ஆண்டு கழித்து, 1964-ல், அதே டாசின் தன் படத்தைத் தானே கேலி செய்கிற மாதிரி ஒன்றை எடுத்தார். இது கலர், நகைச்சுவை, இடம் இஸ்தான்புல். டாப்காபி அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிற மரகதம் பதித்த குத்துவாளை எடுக்க வேண்டும், தரையில் கால் பட்டால் அலாரம், ஆகவே கூரை வழியாகக் கயிற்றில் ஆளை இறக்குகிறார்கள். மிஷன் இம்பாசிபிள் படத்தில் டாம் குரூஸ் வெள்ளை அறைக்குள் கயிற்றில் தொங்கிய காட்சி ஞாபகம் இருக்கிறதா, அதற்குத் தாத்தா இதுதான். பீட்டர் உஸ்டினோவ் இதில் ஒரு சில்லறை ஏமாற்றுக்காரனாக வந்து ஆஸ்கர் வாங்கினார். உயரம் என்றாலே நடுங்குகிற ஆளைக் கூரை மேல் ஏற்றிவிட்டு டாசின் வேடிக்கை பார்ப்பார்.

அந்தக் குத்துவாள் கற்பனை இல்லை, இன்றும் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது, கைப்பிடியில் மூன்று பெரிய மரகதங்கள். டில்லியைச் சூறையாடி கோஹினூரையும் மயிலாசனத்தையும் தூக்கிக்கொண்டு போனாரே பாரசீகத்து நாதிர் ஷா, அவருக்குப் பரிசாக ஆட்டோமன் சுல்தான் முதலாம் மஹ்மூத் செய்வித்தது. தூதுக் குழு வழியில் போய்க்கொண்டிருக்கும்போதே 1747-ல் நாதிர் ஷாவைக் கொன்றுவிட்டார்கள், வாள் திரும்ப வந்துவிட்டது.

இந்தப் படத்துக்கு ஒரு வால் உண்டு. படம் அமெரிக்காவில் வந்த அதே 1964-ல், அக்டோபர் 29 ராத்திரி, நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சில இளைஞர்கள் ஜன்னல் வழியாகப் புகுந்து கற்களை அள்ளிக்கொண்டு போனார்கள். டாப்காபி பார்த்துத்தான் யோசனை வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். அங்கே அலாரத்தை ஏமாற்றுகிற வித்தைக்கெல்லாம் வேலையே இல்லை: அவ்வளவு கற்களில் ஒன்றுக்குத்தான் அலாரம் இருந்தது, அந்த அலாரத்துக்கும் பேட்டரி செத்துப் போயிருந்தது. அந்த ஒரு கல் ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’, 563 காரட் நட்சத்திர நீலக்கல். பெயரில்தான் இந்தியா, தோண்டி எடுத்தது இலங்கையில். சில நாளிலேயே ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த நீலக்கல் பிறகு மயாமியில் ஒரு பேருந்து நிலைய லாக்கரில் கிடைத்தது, ஏனென்றால் அதை உலகத்தில் யாரிடமும் விற்க முடியாது. கூடவே போன ‘ஈகிள்’ என்ற சின்ன வைரம் இன்று வரை கிடைக்கவில்லை, வெட்டி விற்றிருப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆரம்பத்தில் சொன்னேனே, பெரிய கல் சின்னக் கல் கணக்கு, அது இந்த ஒரே கேஸில் முழுசாக இருக்கிறது.

இப்போது கொஞ்சம் பின்னால் போய் அஸ்ஃபால்ட் ஜங்கிள்

ஜான் ஹூஸ்டன், 1950. இதை இரண்டாவதாகக்கூடப் பார்க்கலாம், ஆனால் மேலே உள்ள இரண்டையும் பார்த்துவிட்டு வந்தால் இதில் திருட்டை எவ்வளவு சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள் என்பது உறைக்கும். ஹூஸ்டனுக்கு அக்கறை ஆட்கள் மேல்தான். திட்டம் போடுகிற கிழவர், பெட்டகம் திறப்பவன், வண்டி ஓட்டுபவன், அடியாள், இவர்களுக்கு மேலே நகையை வாங்கிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிற பெரிய வக்கீல். அந்த வக்கீல் கையில் சல்லிக்காசு இல்லை என்பது நமக்குத் தெரியும், உள்ளே நகை எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாது. வயிற்றைக் கலக்குவது அதுதான். மர்லின் மன்றோ ஒரு சின்ன வேடத்தில் வந்து போவார், அப்போது அவரை அதிகம் பேருக்குத் தெரியாது.

இந்தப் படத்திலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நகைத் திருட்டுப் படம் பார்த்தாலும் முதல் இருபது நிமிடத்துக்குள் ‘இதை வாங்கப் போகிறவன் யார்’ என்று உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். படம் அதற்குப் பதில் வைத்திருந்தால் எழுதியவருக்குத் தொழில் தெரியும் என்று அர்த்தம். பதிலே இல்லாமல் லேசர் கதிருக்கு நடுவில் ஒருவர் வளைந்து நெளிந்து போகிறார் என்றால், பொழுதுபோக்காகப் பாருங்கள், தப்பில்லை, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

அந்தக் கேள்வியோடு பார்க்க இரண்டு நல்ல படங்கள் சொல்கிறேன். மெல்வில் எடுத்த ல செர்க்ல் ரூஜ் (1970): ஆலன் டெலான், ஈவ் மோந்தான், இதிலும் ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் பேச்சில்லாத திருட்டு. மோந்தான் குடித்துக் கெட்டுப்போன பழைய போலீஸ்காரர், குறி தப்பாதவர். தோட்டாவைத் தானே வார்த்து எடுத்துக்கொண்டு வருவார், துப்பாக்கியை முக்காலியில் பொருத்தி நிதானமாகக் குறி பார்ப்பார், பிறகு கடைசி நொடியில் முக்காலியிலிருந்து கழற்றிக் கையில் பிடித்தே சுடுவார். வெறும் கர்வம். திருடி முடித்த பிறகு வாங்குகிறவன் பின்வாங்குவதுதான் எல்லோருக்கும் வினையாகிறது. இன்னொன்று மைக்கேல் மன் எடுத்த தீஃப் (1981), சிகாகோவில் நடக்கிறது. நிஜத் திருடர்களையே ஆலோசகர்களாக வைத்து, நிஜக் கருவிகளால் நிஜப் பெட்டகத்தை உருக்கித் துளைத்து எடுத்தார்கள். தீப்பொறி பறக்கிற அந்தக் காட்சிக்காகவே பெரிய திரையில் பார்க்க வேண்டிய படம். வேடிக்கை என்னவென்றால் ஆலோசகராக வந்த ஒரு முன்னாள் திருடர் படத்தில் லஞ்சம் வாங்குகிற போலீஸாக நடித்திருக்கிறார்.

ஒரு தாள், ஒரு பேனா, ஸ்னாட்ச்

கை ரிச்சியின் ஸ்னாட்ச் (2000) முதல் தடவை பார்க்கும்போது தலை சுற்றும். ஆன்ட்வெர்ப்பில் திருடிய 86 காரட் வைரம் லண்டனுக்கு வருகிறது, அதற்குப் பின்னால் ரஷ்யன், அமெரிக்கன், அடகுக்கடைக்காரன், குத்துச்சண்டை நடத்துபவன், ஒரு நாய் என்று வரிசையாக ஆட்கள். யார் நல்லவன், யார் கெட்டவன் என்று பார்த்துக்கொண்டிருந்தால் தொலைந்தீர்கள். கல் இப்போது யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள், பாதிப் படத்தில் எல்லாம் தெளிந்துவிடும். பிராட் பிட் பேசுவது உங்களுக்குப் புரியாது, கவலை வேண்டாம், படத்தில் இருப்பவர்களுக்கும் புரியாது. கெட்ட வார்த்தை ஏராளம், வீட்டில் பெரியவர்களோடு உட்கார வேண்டாம்.

டரன்டினோவின் ரிசர்வாயர் டாக்ஸ் (1992) இதற்கு நேர் எதிர். வைரக் கொள்ளைதான் கதை, ஆனால் கொள்ளையையே காட்ட மாட்டார், முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும்தான் படம். ரத்தம் பிடிக்காதவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

நம்ம பக்கம்

1967-ல் வந்த விஜய் ஆனந்தின் ஜுவல் தீஃப் இன்றும் அலுக்காது. தேவ் ஆனந்த், சென்னையில் வளர்ந்த வைஜயந்திமாலா, எஸ்.டி.பர்மன் இசை, உச்சகட்டம் சிக்கிமில். இதில் திருட்டு நுட்பத்தைத் தேடாதீர்கள், போகிற இடமெல்லாம் ஒருவனை வேறொருவன் என்று சொல்லிச் சொல்லி நம்மையும் குழப்புகிற விளையாட்டுதான் ருசி. தமிழில் அதே ஆள்மாறாட்டச் சங்கதி எம்.ஜி.ஆரின் நினைத்ததை முடிப்பவன் (1975), இந்தியில் வந்த சச்சா ஜூட்டாவின் மறு ஆக்கம். நகைத் திருடன் ஒரு எம்.ஜி.ஆர்., கிராமத்திலிருந்து வருகிற வெகுளி இன்னொரு எம்.ஜி.ஆர். ‘கண்ணை நம்பாதே’ பாட்டைக் கேட்டிருப்பீர்கள், இந்தப் படம்தான்.

தானா சேர்ந்த கூட்டம் பார்த்தவர்கள் அதற்கு மூலமான ஸ்பெஷல் 26-ஐயும் (2013) பார்த்துவிடுங்கள். அதற்கும் பின்னால் நிஜம் ஒன்று இருக்கிறது. 1987 மார்ச் 19 அன்று பம்பாயில் ஓப்பரா ஹவுஸ் பகுதியில் இருக்கிற ஒரு பெரிய நகைக்கடைக்குள் ஒருவர் சிபிஐ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, கூடவே இருபதுக்கு மேற்பட்ட ‘அதிகாரிகளோடு’ நுழைந்தார். அந்த அதிகாரிகள் யார் என்றால், உளவுத்துறை வேலைக்கு ஆள் தேவை என்று அவர் பேப்பரில் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து நேர்முகத் தேர்வுக்கு வந்த பட்டதாரிகள். பயிற்சிச் சோதனை என்று நம்பி நிஜமாகவே சோதனை போட்டார்கள். நகைகளை மாதிரிக்கு என்று பையில் போட்டு முத்திரை வைத்துக்கொண்டு அவர் கிளம்பிப் போனார், போனவர் போனவர்தான், இன்று வரை அகப்படவில்லை. கன்னம் வைக்கவில்லை, பெட்டகம் உடைக்கவில்லை, வேலையில்லாத பையன்களின் நம்பிக்கையும் அதிகாரி என்றால் எழுந்து நிற்கிற பழக்கமும் போதுமானதாக இருந்தது. இந்தியாவில் நடந்ததிலேயே எனக்கு அதிகம் உறுத்துகிற நகைத் திருட்டு இதுதான், ஏமாந்தவர்கள் கடைக்காரர் மட்டும் இல்லை என்பதால்.

கார்த்தி நடித்த ஜப்பான் (2023) திருச்சி கொள்ளையின் சாயலில் வந்தது என்று பேசிக்கொண்டார்கள். 2019 அக்டோபரில் சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் நகைக்கடைச் சுவரில் துளை போட்டு, விலங்கு முகமூடி மாட்டிக்கொண்டு, மிளகாய்ப் பொடியைத் தூவிவிட்டுப் போனார்களே, அது. சிசிடிவியில் வந்த அந்தக் காட்சி கொடுத்த பதைப்பைப் படம் எனக்குக் கொடுக்கவில்லை.

ஹாலிவுட் படம்தான் என்றாலும் ஓஷன்ஸ் 8 (2018) படத்தையும் இந்தக் கூட்டத்திலேயே வைக்கிறேன், அதில் திருடுகிற வைர நெக்லஸுக்காக. அதன் அசல் வடிவம் 1931-ல் கார்ட்டியே நகை நிறுவனத்தின் ஜாக் கார்ட்டியே நவாநகர் மகாராஜாவுக்காகச் செய்தது. மகாராஜா என்றால் நம்ம ரஞ்சித்சிங்ஜி, ரஞ்சிக் கோப்பை யார் பெயரில் இருக்கிறதோ அவரேதான். அசல் இப்போது முழுசாக இல்லை, படத்துக்காக கார்ட்டியே பழைய வரைபடத்தைப் பார்த்துச் செயற்கைக் கல் வைத்து மறுபடி செய்தது. ஆண்பிள்ளை மார்புக்குச் செய்த அளவு ஆன் ஹாத்வே கழுத்துக்குப் பெரிதாக இருந்ததால் கொஞ்சம் சுருக்க வேண்டியதாயிற்று. திருட்டு என்று பார்த்தால் எல்லாம் ரொம்பச் சுலபமாக நடக்கிறது, யாருக்கும் வியர்ப்பதே இல்லை.

நிஜ வழக்குகளையும் படியுங்கள்

நாலைந்து படம் ஆனபிறகு இதைச் செய்யுங்கள், அப்புறம் படம் பார்க்கிற கண்ணே மாறிவிடும். 2003 பிப்ரவரியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் வைர மையத்தில், பூமிக்கடியில் இரண்டு தளம் கீழே இருந்த அறையில், ஒரு வார இறுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட லாக்கர்களைக் காலி செய்தார்கள். மதிப்பு 10 கோடி டாலருக்கு மேல் என்றார்கள். இத்தாலிக்காரத் தலைவன் வைர வியாபாரி என்று சொல்லி அதே கட்டிடத்தில் வாடகைக்கு அலுவலகம் எடுத்து இரண்டு ஆண்டுக்கு மேல் நோட்டம் பார்த்திருக்கிறான். உடல் சூட்டை உணர்கிற கருவியின் மேல் தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரேயை அடித்து அதைக் குருடாக்கியிருக்கிறார்கள். இவ்வளவும் செய்துவிட்டு, போகிற வழியில் சாலையோரத்தில் ஒரு குப்பைப் பையை வீசிவிட்டுப் போனார்கள், அதில் பாதி தின்ற சாண்ட்விச். போலீஸுக்கு அது போதுமாக இருந்தது. வைரங்கள் பெரும்பாலும் திரும்ப வரவே இல்லை.

2015 ஈஸ்டர் விடுமுறையில் லண்டனின் நகைக்கடைத் தெருவான ஹாட்டன் கார்டனில் லாக்கர் அறையின் அரை மீட்டர் தடிமன் கான்கிரீட் சுவரைத் துளைத்தவர்கள் தாத்தாக்கள், மூத்தவருக்கு 76 வயது, முதியோருக்கான பஸ் பாஸில் வந்து இறங்கினார். முதல் ராத்திரி கருவி பழுதாகித் திரும்பிப் போய், புதிது வாங்கிக்கொண்டு வந்து மறுபடி துளைத்தார்கள். மைக்கேல் கெய்ன் நடித்த கிங் ஆஃப் தீவ்ஸ் (2018) இதே கதைதான், நடிகர்களுக்காகப் பார்க்கலாம், ஆனால் வழக்குச் செய்திகளில் இருக்கிற சிரிப்பில் பாதிகூடப் படத்தில் இல்லை. 2025 அக்டோபரில் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் மஞ்சள் சட்டை போட்டு, சாமான் ஏற்றுகிற ஏணி வண்டியில் மாடிக்கு ஏறி, எட்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டுப் போனவர்களை நீங்களே செய்தியில் பார்த்திருப்பீர்கள். போகிற அவசரத்தில் பேரரசி யூஜெனியின் கிரீடத்தைக் கீழே போட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசியாகத்தான் ஹாட் ராக்

ராபர்ட் ரெட்ஃபோர்ட் நடித்தது, 1972. இதை முதலில் பார்த்தால் சாதாரண காமெடிப் படம். மேலே உள்ளதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தால் ஒவ்வொரு காட்சிக்கும் சிரிப்பு இரட்டிப்பாகும். நியூயார்க்கில் புரூக்ளின் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு வைரத்தை எடுத்துத் தரச் சொல்லி ஒரு ஆப்பிரிக்க நாட்டுத் தூதர் ஆள் பிடிக்கிறார், அதாவது வாங்குகிறவன் முன்கூட்டியே தயார், அந்தப் பிரச்சினையே இல்லை. ஆனால் மாட்டிக்கொண்ட ஒருவன் கல்லை விழுங்கிவிடுகிறான். அவனை மீட்கச் சிறைக்குள் புக வேண்டும், அப்புறம் கல் அவனிடம் இல்லை, போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது, அங்கே ஹெலிகாப்டரில் இறங்க வேண்டும், அங்கேயும் இல்லை, வங்கி லாக்கரில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ரெட்ஃபோர்ட் தூதரிடம் போய் இந்த முறை இன்ன சாமான் வேண்டும், இவ்வளவு ஆகும் என்று பட்டியலை நீட்டுவார். அப்போது தூதர் முகம் போகிற போக்கைக் கவனியுங்கள்.